கிட்ட வந்துட்டேன்

எங்கள் ஸ்மார்ட் சிட்டியின் சிக்னல்கள் எல்லாம் செல்போன் கம்பெனி வசம். போனில் "கிட்ட வந்துட்டேன்" என்று சொன்னால் போதும், சொன்னவர் வரும் வழிக்குப் பச்சை விழும். உலகத்தரம் என்று மேடையேறி மாலை போட்டுக்கொண்டார்கள். பாத்ரூமில் இருந்துகொண்டும் நாம் அதைத்தான் சொல்வோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்று பூங்கோதையைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆபீஸிலிருந்து கிளம்பியவளின் ஆட்டோ முதல் சிக்னலிலேயே சிவப்பில் நின்றது. மாப்பிள்ளை வர வேண்டிய குறுக்குச் சாலையில் ஈ காக்கை இல்லை, ஆனாலும் பச்சை. சந்தேகப்பட்டு மாப்பிள்ளைக்கே போன் போட்டாள்.

"எங்கே இருக்கீங்க?"

"தெருமுனைக்கு வந்துட்டேங்க!"

பின்னால் ஷவர் சத்தம்.

"சோப்பைக் கழுவிட்டு மெதுவாவே வாங்க."

அசடு வழியச் சிரித்தான். "நீங்க?"

"நானும் வீட்டுக்குக் கிட்ட வந்துட்டேன்."

அவளுக்குப் பச்சை விழுந்தது.

ஆட்டோக்காரர் கியரைப் போட்டார். "ஜாதகமே பார்க்க வேணாம்மா. நல்ல பொருத்தம்."