இரண்டு குவியல்

தட்டு காலி.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

சாப்பிடும் முன் எடுத்த படத்தில் சோறு மலையாக இருந்தது. சாப்பிட்ட பின் எடுத்ததில் ஒரு பருக்கை இல்லை.

கேட்டபோது பதினேழாம் எண், இசக்கிராஜா, பாதிதான் சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தான். பதினான்கு நாளும் அப்படித்தான்.

கல்லூரி விடுதி மாணவர்கள் முப்பத்தொன்பது பேர். நேற்றுச் சாப்பிட்டதை வாயால் சொல்ல வைப்பது ஒரு முறை. தட்டைப் படமெடுத்து அனுப்ப வைப்பது இன்னொரு முறை. எதை நம்பலாம் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

வாயால் கேட்டால் எல்லாரும் கொஞ்சம் குறைப்பார்கள். அது வழக்கம்தான். ஆனால் பாதிக்குப் பாதி குறைக்கிறவனிடம் வேறு ஏதோ சங்கதி இருக்கும்.

வழிகாட்டி மேடம் காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“பய பொய் சொல்லுதான். போட்டோவா பொய் சொல்லும்? அப்படியே எழுதிரு. வார்டனுக்கும் ஒரு காப்பி போகணும்.”

படம் எடுத்த அன்று சாம்பார். தட்டின் ஓரத்தில் முருங்கைக்காய்ச் சக்கை.

இடப்பக்கம் ஒரு குவியல். நார் நாராக, உறிஞ்சித் தீர்த்தது.

வலப்பக்கம் இன்னொன்று. அரைகுறையாய் மென்றது.

ஒரு வாய்க்கு எதற்கு இரண்டு குவியல்?

பதினெட்டாம் எண் ஜெரோம், இசக்கிராஜாவின் அறைத்தோழன். மாதத் தொடக்கத்தில், பணம் கட்டவில்லையென்று, மெஸ் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். அதனால் அவளும் தன் ஆய்வுப் பட்டியலில் அடித்தாள். வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது, அக்கா, என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவன் வீடு எட்டு மணி நேரப் பயணம். அன்று அது அவளுக்கு உறைக்கவில்லை.

மெஸ் சுவரில் சட்டம் ஒட்டியிருக்கிறது. ஒரு தட்டில் இருவர் சாப்பிட்டால் இருவருக்கும் சாப்பாடு கிடையாது. அறைக்கு எடுத்துப்போன தட்டும் கழுவ மெஸ்ஸுக்குத்தான் திரும்பி வரும்.

உள்ளதை எழுதினால் ஆய்வுக்கு அதைவிடச் சிறந்த முடிவு வேண்டாம். வாய் சொன்னது மெய். படம் சொன்னது பொய். மேடமே வாயடைத்துப்போவார்.

வார்டனும் படிப்பார்.



பதினேழாம் எண்ணின் பதினான்கு நாளையும் நீக்கினாள். காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: படம் தெளிவில்லை.

முப்பத்தொன்பது பேர் அனுப்பியதில் இவ்வளவு தெளிவான படம் வேறு இல்லை.

பிறகு இசக்கிராஜாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்.

“தம்பி, இனிமே படம் வேண்டாம். சக்கையை மட்டும் ரெண்டு பேரும் ஒரே பக்கமா போடுங்க.”