நாற்பது நிமிஷம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மாமனார், மாமியார், மகன், நாத்தனார், கல்யாணமாகி ஐந்தே மாதமான மருமகள். ஆறாவது ஆள் ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு சுவராக நின்ற பக்கத்து வீட்டுத் தையற்காரி. பின்னால் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள் என்பதால், இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தையற்காரி எட்டிப் பார்த்தபோது மருமகள் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; மாமனார் மட்டும் கதவோரம் காவல் போல நாற்காலி போட்டிருந்தார். ஒரு செருப்பு பறந்து போய் மருமகளின் தோளில் விழுந்தது.

"வாயைத் தைச்சு வச்சிருக்கியா?" என்றாள் நாத்தனார். "பேசத் துப்பில்லாதவ எதுக்கு வந்த? உங்கம்மா வீட்டுக்கே ஓடு!"

மகன் தொடையைத் தட்டிச் சிரித்தான். கட்டின புருஷனே சிரிக்கிறான்! தையற்காரி ஜன்னலை இன்னும் நெருங்கினாள்.

மருமகளின் முழங்கால்கள் தடதடவென்று ஆடின. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமியார் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் குறிபார்த்து வீசினாள். பழகிய கை. புருவத்துக்கு மேல் தோல் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

சரிந்து உட்காரப் போனவளை மாமனாரின் குரல் தூக்கி நிறுத்தியது. "எழுந்து நில்லு! நாப்பது நிமிஷம் ஆகுற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இந்த வீட்டு மானம் உன் கையில இருக்கு."

முப்பத்தெட்டு வருஷம் வாத்தியாராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர் அவர். தெருவுக்கு அவர் 'பிரம்பு சார்'.

நாத்தனார் பாய்ந்து போய் மருமகள் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தாள். அதற்குமேல் தையற்காரிக்குப் பொறுக்கவில்லை. போலீசுக்குப் போன் போட்டாள்.

பெண் இன்ஸ்பெக்டர் ஒருவரும் கான்ஸ்டபிளும் வந்தார்கள். உதைத்த உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. தையற்காரியும் பின்னாலேயே நுழைந்தாள்.

"யாரு அடிச்சது?"

"டம்ளர் நான் எறிஞ்சதுங்க," என்றாள் மாமியார், ஒளிக்காமல். "எங்க வீட்டுல இது ஒண்ணும் புதுசு இல்லீங்க. அந்தக் காலத்துலயே..."

"நீ பேசாதே!" பிரம்பு சார் எழுந்து, முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் நீட்டினார். "எல்லாம் நான் சொல்லித்தான் நடந்துச்சு. விலங்கு போடுங்க. ஆனா, ஏன் எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க. அது எங்க வீட்டு விஷயம்."

"ஓஹோ, பரம்பரை வழக்கமா?" இன்ஸ்பெக்டர் திரும்பி மகனுக்கு விட்ட அறையில் அவன் கண்ணாடி சுவரில் மோதி உடைந்தது. கான்ஸ்டபிளின் லத்தி அவன் முட்டியில் இறங்கியது. சுருண்டு விழுந்தவன்மேல் லத்தி மறுபடி உயர்ந்தது.

"கையைக் கீழ போடு! எல்லாரும் உக்காருங்க!"

கத்தியது மருமகள். அந்தக் குரலில் நடுக்கமே இல்லை. கான்ஸ்டபிள் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டரே பாதி குனிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மேடம், நான் டீச்சர். ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. செருப்பு, கல்லு, கையில கிடைச்சதை எல்லாம் எறிவானுங்க. பாடக் குறிப்பைப் பிடுங்கிக் கிழிப்பானுங்க. நாலு நாளா, நாப்பது நிமிஷ வகுப்புல பாதியிலேயே அழுதுகிட்டே வெளிய ஓடி வந்துட்டேன். நாளைக்கும் ஓடினா வேலை போயிடும். அதான் இவங்க பசங்களா உக்காந்திருக்காங்க. பாவம் பாக்காம எறியுங்கன்னு சொன்னதே நான்தான்."

பிரம்பு சார் கண்களை மூடிக்கொண்டார். மூன்று தலைமுறையில் பதினொரு வாத்தியார்கள். வகுப்புக்குப் பயந்தவர் என்று அந்த வீட்டில் ஒருவர் பெயரும் வெளியே வந்ததில்லை. அதைக் காப்பாற்றத்தான் அவர் ஜெயிலுக்கே போகத் துணிந்தார்.

"அதுக்குன்னு டம்ளரா!" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்ஸ்பெக்டர் படியிறங்கினார்.

தையற்காரிக்கு முகத்தில் கரி பூசியது போலாகிவிட்டது. அதைத் துடைக்க வேறு கதை வேண்டியிருந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள், துணி தைக்க வந்த அத்தனை பெண்களிடமும் சொல்லி முடித்திருந்தாள்.

"அடியும் இல்ல, உதையும் இல்ல. பயமாம்! வகுப்புன்னா கால் நடுங்குமாம். பதினோரு வாத்தியார் பொறந்த வம்சத்துல முதல் தொடைநடுங்கி இந்த மருமகதான்!"

கேட்டுச் சிரித்தவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். வாசலில் பிரம்பு சார் நின்றிருந்தார். அந்தத் தையல் கடைப் படியில் அவர் கால் வைத்ததே இல்லை.

"என் மருமக இன்னிக்கு முழு வகுப்பும் நின்னா. ஒருத்தன் காம்பஸை எறிஞ்சான். முழங்கையில குத்தி நின்னுச்சு. பிடுங்கி மேஜை மேல வச்சுட்டு, பாடத்தை முடிச்சுட்டுத்தான் கட்டுப் போட்டுக்கப் போனா."

"ரொம்ப நல்லதுங்க சார்... நான் ஏதோ சும்மா..."

"நீ சொன்னதுல ஒண்ணு தப்பு. முப்பத்தெட்டு வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம, வீட்டுல எறிஞ்சதை எல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் ஒருத்தன் திங்கக்கிழமை வகுப்புக்குப் போனான்."

பிரம்பு சார் அங்கிருந்த ஒவ்வொரு முகத்தையும் நேராகப் பார்த்தார்.

"இந்த வம்சத்துல முதல் தொடைநடுங்கி நான்."