ஆதாரம் இல்லாத பாடம்

பதுளை ரெஸ்ட்ஹவுஸில் பேராசிரியர் சிவஞானம் முட்டைப் பொரியலோடு பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எதிரே அவருடைய துறை விரிவுரையாளர் அழகையா உட்கார்ந்திருந்தான்.

"என்ன அழகையா, மொட்டை? கதிர்காமம் போனீரோ?"

"இல்ல சேர்."

"உம்மட பாடத்தில இருந்து தேயிலைத் தோட்டத்துப் பட்டினிச் சாவை நீர் வெட்டிவிடும்."

"என் பாடத்த நான்தானே சேர் தீர்மானிக்கணும்?"

"ஆதாரம் இல்லாததைப் படிப்பிக்க விடமாட்டன். பட்டினியில செத்த ஒருத்தரையாவது உமக்குத் தெரியுமோ?"

அவர் எச்சில் விரலை நக்கினார்.

"தெரியும் சேர். தெமோதரைத் தோட்டத்துல, எங்க லயத்து வரிசை வீட்டுல இருந்த பெரியாயிக் கிழவி. மாவு கிடைக்காம வெறும் கீரைய அவிச்சுத் தின்னே செத்துச்சு. தந்தி குடுத்தும் மகன் வரல. நான்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வச்சேன்."

பேராசிரியர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஆதாரம் வேணும்னா அஸ்திய வச்சிருக்கேன் சேர். ஒங்க அம்மாதானே, வந்து வாங்கிக்கங்க."