திங்கட்கிழமை, காலை மணி ஏழு

அவர் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைக் கிழித்தார்.

2024, மார்ச் 11. திங்கட்கிழமை.

மேசையில் கிடந்த பழைய வாரப் பத்திரிகையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதிலும் அதேதான் அச்சாகியிருந்தது. '2024, மார்ச் 11, திங்கட்கிழமை. காலை மணி ஏழு.' அவருடைய முதல் விஞ்ஞானத் தொடர்கதையின் முதல் வரி. எழுதியது 1986இல்.

இப்போது மணி ஆறரை.

முப்பத்தெட்டு வருடம் காத்திருந்த நாள், தன் பாட்டுக்கு வந்துவிட்டது. பால் பாக்கெட் போடுகிறவர் உட்பட பாளையங்கோட்டையில் யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

கிழமையைக் கண்டுபிடித்தது அவர் இல்லை. ரஞ்சிதம். அவர் மனைவி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அடுப்பில் பால் பொங்குவதற்குள் லீப் வருடங்களை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிட்டாள். வருங்காலத்தை எழுதுகிற மனுஷனுக்குக் கிழமை பார்க்கத் தெரியவில்லை என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

அன்றைக்கே பேசி வைத்தார்கள். அந்த நாள் வரும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் பக்கத்தை வரிவரியாகச் சரிபார்ப்பது. சிவப்புப் பென்சில் அவள் கையில் இருக்கும். நடந்திருந்தால் சரிக்குறி. இல்லையென்றால் பெருக்கல் குறி. பாவம் பார்த்து மார்க் போடுவது கிடையாது.

பென்சில் அவளுடைய கண்ணாடிக்கூட்டில் இருந்தது. நேற்றுத்தான் சீவி வைத்தார்.

ஆரம்பித்தார்.

கிழமை. சரி. முதல் மார்க் அவளுக்கு.

'உள்ளங்கையளவு கண்ணாடியில் நண்பன் தோன்றிப் பேசினான்.' சரி. கண்ணாடி மேசைமேல்தான் இருக்கிறது. நண்பர்கள்தான் ஒவ்வொருவராகக் குறைந்துவிட்டார்கள்.

'கடைக்குப் போகாமலே சாமான்கள் வீடு வந்து சேர்ந்தன.' சரி.

'செவ்வாய்க்குப் போகும் ஒன்பது மணி ராக்கெட்டைப் பிடிக்கக் கதாநாயகன் பரபரத்தான்.' தப்பு. இவர் ஜங்ஷனுக்குப் போகவே பஸ்ஸுக்கு அரைமணி நேரம் நிற்கிறார்.

படத்தில் எல்லோரும் வெள்ளிச் சட்டை போட்டிருந்தார்கள். அது ஓவியர் பண்ணின கூத்து, கதையில் அப்படி ஒரு வரியே இல்லை. இருந்தாலும் பெருக்கல் குறி போட்டார். ரஞ்சிதத்திடம் சாக்குப்போக்கு எடுபடாது.

கடைசி வரி மிச்சம்.

'சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்: காப்பி ஆறுதுல்லா!'

அதை அவர் யோசித்து எழுதவில்லை. ராக்கெட்டை எல்லாம் பறக்கவிட்டாகிவிட்டது. 2024இல் ஒரு மனைவி காலையில் என்ன சொல்வாள் என்றுதான் தெரியவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது சமையலறையிலிருந்து ரஞ்சிதம் கூப்பிட்டாள். அப்படியே எழுதிக்கொண்டார்.

பத்திரிகை வந்த அன்று படித்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"சாமான் தானா வருது, ராக்கெட்டு செவ்வாய்க்குப் போவுது. காப்பி மட்டும் அன்னைக்கும் நான்தான் போடணுமாக்கும்?"

அடுத்த தொடரில் மாற்றிவிடுகிறேன் என்று சொன்னார். மாற்றவில்லை. பிறகு எழுதிய இருபத்திரண்டு தொடர்களில், எந்த நூற்றாண்டாக இருந்தாலும், சமையலறையில் ஒரு மனைவி இருந்தாள். எல்லாம் மாறும், எல்லாம் மாறும் என்று எழுதிப் பிழைத்தவர், அது மட்டும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டார்.

கிருமி ஒன்று வந்து ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் என்றுகூட ஒரு கதையில் எழுதியிருந்தார். அதில் பாதி உலகத்தைச் சாகவிட்டு, கதாநாயகனின் மனைவியை மட்டும் கடைசி அத்தியாயத்தில் பிழைக்க வைத்திருந்தார்.

மே வந்தால் ரஞ்சிதம் போய் மூன்று வருடம். ஆஸ்பத்திரி வாசலோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. அதைப் பற்றி அவர் எழுதியதே இல்லை.

பென்சில் கடைசி வரியின் பக்கத்தில் நின்றது. பெருக்கல் குறிதான் போட வேண்டும்.

கை வரவில்லை.

மணி ஏழாக எட்டு நிமிடம்.

எழுந்து சமையலறைக்குப் போனார். பாலைக் காய்ச்சினார். டிகாக்‌ஷன் கொஞ்சம் இருந்தது. சர்க்கரையைப் போட்டு இரண்டு ஆற்று ஆற்றி, டம்ளரை மேடையில் வைத்தார்.

மூன்று வருடமாக இங்கே நின்றுதான் காப்பி போடுகிறார். இங்கிருந்து பார்த்தால் எழுதும் மேசை நேராகத் தெரிகிறது என்பதை இன்றுதான் கவனித்தார். நாற்காலியின் முதுகு தெரிந்தது. அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவருடைய முதுகும் தெரியும். முகம் தெரியாது.

மின்விசிறிக் காற்றில் பத்திரிகையின் பக்கம் எழும்பி எழும்பி அடங்கியது.

தெருக்கோடி சர்ச்சில் மணி அடித்தது. ஏழு.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காப்பி ஆறுதுல்லா!"

குரல் வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. நாற்காலி அசையவில்லை.

டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். ஏடு கட்டத் தொடங்கியிருந்தது.

அவள் கூப்பிட்ட நாட்களிலும் முதல் குரலுக்கு அங்கிருந்து யாரும் எழுந்து வந்ததில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார்.