பாட்டு நிற்கும் இடம்

காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, மாடித் தொட்டி நிரம்பி வழியும் வரைதான் ரெஜினா கிட்டார் பழகுவாள். தினமும் ஒரே பாட்டு. நடுவில் ஓரிடத்தில் விரல்கள் அடுத்த பிடிக்கு மாறாமல் திணறும். அவள் ஒவ்வொரு விரலாகக் கம்பியில் எடுத்து வைக்கும் வரை பாட்டும் காத்து நிற்கும். மாதக்கணக்காக அப்படித்தான்.

அன்றைக்கு விரல்கள் தாமாகவே போய் உட்கார்ந்துகொண்டன. நம்ப முடியாமல் இன்னொரு தரம் வாசித்தாள். அப்போதும் பாட்டு நிற்கவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். மேல்வீட்டு மரியதாஸ், பாதி முகத்தில் சோப்பு நுரை, தாடையில் சின்னக் கீறலோடு நின்றார்.

“என்னம்மா, இன்னிக்கு நடுவுல எதையோ விட்டுட்டீங்க?”

“எதை சார்?”

“ஓரிடத்துல கொஞ்சம் நிக்குமே. அப்பதான் நான் ரேசரை அலசுவேன்.”

சொல்லிவிட்டு, மிச்ச முகத்தோடு படியேறிப் போனார்.

ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு கிட்டாரை மறுபடி மடியில் வைத்தாள். அந்த இடம் வந்தது. விரல்கள் கிளம்பத் துடித்தன. அவள் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மேல்வீட்டு ஜன்னலிலிருந்து, குவளை விளிம்பில் ரேசரைத் தட்டும் சத்தம் கேட்டது.