இவருக்குப் பதில் இவர்

டிவி சீரியல் எழுதும் அழகேசனுக்கு வில்லி கேரக்டர் மட்டும் அமையவே மாட்டேன் என்றது. கடைசியில் பொண்டாட்டி பிரவீணாவையே உரித்து வைத்துவிட்டான். அவள் மூக்கால் சிரிக்கும் சிரிப்பு, கோபம் வந்தால் வளையலைத் திருகும் பழக்கம், எல்லாம் அப்படியே. சீரியல் ஓகோவென்று ஓடியது. உடையார்பாளையம் கடைத்தெருவில் பெண்கள், "வில்லி வர்றாடி" என்று அவளைக் கண்டு ஒதுங்கினார்கள்.

"ஊருல தலை காட்ட முடியலைங்க. அந்த வில்லியை மாத்துங்க" என்றாள்.

"யாரை மாத்தணும்னு எழுதுறவனுக்குத் தெரியும். போடி."

"அப்படிங்களா" என்று வளையலைத் திருகினாள்.

மறுநாள் சாயங்காலம் சீரியலுக்கு நடுவே, நடிகர் மாறினால் போடுவார்களே, அந்த எழுத்து வந்தது: "இனி அழகேசனுக்குப் பதில் இவர்." பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவனின் முகம்.

வாசல் கேட் திறந்தது. அதே முகத்துக்காரன் உள்ளே வந்து, அழகேசனின் ஆணியில் சட்டையை மாட்டினான். அழகேசனைப் போலவே காதைச் சொறிந்தபடி சாப்பிட உட்கார்ந்தான். பிரவீணா சோறு போட்டாள்.

"இது யாரு?" என்றான் வந்தவன், அழகேசனைப் பார்த்து.

அவள் மூக்கால் சிரித்தாள்.

"முன்னாடி நடிச்சவருங்க. இப்பக் கிளம்பிடுவாரு."