தமிழுக்குத் தடை

“இளமதி, நீ ஜெர்மன் கத்துக்க வந்தியா, தமிழ் சொல்லிக்குடுக்க வந்தியா?”

அன்புக்கரசி டீச்சர் பின்னால் வந்து நின்றதை இளமதி கவனிக்கவில்லை. சட்டென்று திரும்பினாள்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் நடக்கிற ஜெர்மன் வகுப்பு. வெளிநாட்டு வேலைக்குப் போகத் தயாராகும் நர்ஸுகள்தான் முக்கால்வாசிப் பேர். சாயங்காலம் ஆளுக்கொரு ஜெர்மன்காரரோடு வீடியோ காலில் பேச வேண்டும். பாதி நேரம் ஜெர்மன். பதிலுக்கு அவர்களுக்குப் பாதி நேரம் இங்கிலீஷ். தமிழில் வாயைத் திறக்கவே கூடாது. அந்த ஏற்பாட்டுக்காக அன்புக்கரசி எத்தனையோ பேருக்கு மெயில் போட்டுக் கெஞ்சியிருக்கிறாள்.

“நானும் ஒரு வாரமா பாக்கறேன். ‘சாப்டீங்களா’ங்கறே, ‘வலிக்குதா’ங்கறே. பரீட்சை பக்கத்துல வந்துடுச்சு. அது போச்சுன்னா ஜெர்மனியும் போச்சு, தெரியுதில்ல?”

“அவங்கதான் மேடம் இங்கிலீஷ் வேணாம், தமிழ் சொல்லிக்குடுன்னாங்க. நான் ஜெர்மன வூட்ல உக்காந்து படிச்சிக்கறேன்.”

“அவங்களுக்கென்ன, பொழுது போவணும். உனக்குமா?”

“அது வந்து மேடம், அவங்க…”

“பேசாத. ஹெட்போனைக் குடு. வேற ஆள மாத்தி விடறேன்.”

திரையில் இளமதியோடு பேசும் ஜெர்மன்காரி, நீலச் சட்டை போட்ட பிர்கிட், சிரித்தபடி கையசைத்தாள். அன்புக்கரசி சிரிக்கவில்லை. “மன்னிக்கணும். தமிழ் கத்துக்க நீங்க வேற யாரையாவது பாத்துக்கங்க” என்றாள், ஜெர்மனில்.

பிர்கிட்டின் முகம் சுண்டிப்போனது. “ஒரே ஒரு நிமிஷம்” என்று ஜெர்மனிலேயே சொல்லிவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு கதவு திறந்தது. உள்ளே வரிசையாகக் கட்டில்கள். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் கறுத்து மெலிந்த ஒரு பெரியவர்.

“இது முதியோர் இல்லம். நான் இங்க வேலை பாக்கறேன். இவர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த ஊர்ல பஸ் ஓட்டினவர். ஸ்ட்ரோக் வந்ததுல ஜெர்மன் மொத்தமா மறந்துபோச்சு. அப்பப்ப அழுவார். பசியா, வலியான்னு எங்க யாருக்கும் தெரியாது.”

சொல்லிக்கொண்டே அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள் பிர்கிட்.

“அய்யா, சாப்டீங்களா?”

அப்படியே விருத்தாசலத்துப் பேச்சு.

பெரியவர் முகம் மலர்ந்தது. “நான் சாப்பிட்டன். நீ சாப்பிட்டியோ, பிள்ளை?”

பிர்கிட் அவசரமாகக் கேமராவைப் பார்த்தாள். “என்ன கேக்கறார்? நான் என்ன சொல்லணும்?”

அன்புக்கரசி ஹெட்போனைக் கழற்றவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எங்கூடவே சொல்லுங்க… சாப்… புட்… டேன்… அய்யா.”